இரண்டு பிரம்மதேசங்கள்: மாதக் கணக்கைத் தரவுத்தளத்தில் ஏற்றும் முறை

கிராம வளர்ச்சிப் பணிகள் எவ்வளவு ஊக்கத்துடன் நடைபெற்றாலும், அவற்றின் கணக்கு செம்மையாக இல்லாவிடில் பயன் முழுமை பெறாது. எந்த ஊரில் எத்தனை கைப்பம்புகள் பழுதாகிக் கிடக்கின்றன, எந்தத் தெருவிற்குக் குடிநீர்க் குழாய் இன்னும் வரவில்லை என்பனவற்றை அறிந்தாலன்றி, கையிலுள்ள பணத்தை எங்கே முதலில் செலவிடுவது என்று முடிவு செய்ய இயலாது. முன்னாளில் இக்கணக்குகள் பேரேடுகளில் எழுதப்பட்டு வந்தன. இன்று அவற்றுள் பெரும்பகுதி விரிதாள்களாகக் கணிப்பொறியில் வந்து சேருகின்றது. மாதந்தோறும் வரும் இவ்விரிதாள்களை அலுவலகக் கணிப்பொறியிலுள்ள தரவுத்தளத்தில் பிழையின்றி ஏற்றுவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இதற்கு விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். "எந்தப் பிரம்மதேசம்?" என்று அம்மாவட்டத்தார் உடனே கேட்பர். அக்கேள்வியே நமது பாடத்தின் தொடக்கமாகும்.

பெயர் ஒன்று, ஊர் இரண்டு

விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் என்னும் பெயருடைய ஊர்கள் இரண்டு உள்ளன. ஒன்று, எண்ணாயிரத்தை அடுத்திருப்பது; சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்ட பிரம்மபுரீசுவரர், பாதாளீசுவரர் கோயில்கள் இவ்வூரில் உள்ளன. மற்றொன்று, திண்டிவனத்திற்கும் மரக்காணத்திற்கும் இடைப்பட்ட பகுதியிலுள்ளது. மாவட்ட எல்லையைக் கடந்தால் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு பிரம்மதேசமும், திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்திற்கு அருகில் ஒரு பிரம்மதேசமும் இருக்கக் காண்கிறோம்.

இது வியப்பன்று. அந்தணர்க்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர்களைப் பிரமதேயம் என்று வழங்குவது பண்டைய வழக்கம். கொடைகள் பல இடங்களில் அளிக்கப்பட்டமையால் பெயரும் பல இடங்களில் நிலைத்தது. இரண்டு ஊராரும் தத்தம் ஊரைப் பிரம்மதேசம் என்றே கூறுவர். அதில் குழப்பம் ஏதுமில்லை. ஆனால் மாவட்டம் முழுவதற்குமான ஒரே பட்டியலில் இரு ஊர்களும் வந்து சேரும்போதுதான் தொல்லை தோன்றுகிறது. எழுதுபவர் கையைப் பொறுத்து அப்பெயர் பிரம்மதேசம் என்றும், பிரமதேசம் என்றும், பிரம்மதேஸம் என்றும் மாறி வருவதும் உண்டு. ஆகவே ஒரு பெயருக்கு இரண்டு ஊர்கள். ஓர் ஊருக்கு மூன்று எழுத்து வடிவங்கள். இவ்விரு தொல்லைகளையும் கணிப்பொறி தானே அறிந்து தீர்த்துவிடும் என்று நாம் எதிர்பார்க்கலாகாது.

விரிதாள் வேறு, தரவுத்தளம் வேறு

விரிதாள் என்பது கட்டம் போட்ட காகிதத்தைப் போன்றது. எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. எந்தக் கட்டத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். தலைப்பு எழுதலாம்; குறிப்பு எழுதலாம்; அடியில் கூட்டுத்தொகையும் போடலாம். படிப்பவர் மனிதராகையால் எது தலைப்பு, எது கணக்கு என்பதை உணர்ந்துகொள்கிறார்.

தரவுத்தளம் அத்தகையதன்று. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், லிப்ரே ஆபீஸ் பேஸ் போன்ற மேசைக் கணிப்பொறித் தரவுத்தளங்களில் ஒவ்வொரு பட்டியலும் ஒரே பொருளைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பத்தியிலும் ஒரே வகை விவரம், ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஊரின் ஒரு மாதக் கணக்கு என்ற ஒழுங்கு அங்கே உண்டு. 1970-ஆம் ஆண்டில் எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்த நெறியே இத்தரவுத்தளங்களுக்கு அடிப்படையாகும். அந்நெறிப்படி வரிசைகளுக்கு மேல், கீழ் என்ற முறைமை கிடையாது. எந்த வரிசையும் தன்னளவில் முழுமையாக நிற்றல் வேண்டும்.

இங்கே நமது பழைய பேரேட்டுப் பழக்கம் ஒன்று குறுக்கிடுகிறது. மேலே எழுதியதையே திரும்ப எழுதாமல் "மேற்படி" என்று குறிப்பது நம் கணக்கர்களின் வழக்கம். அதற்கென ௸ என்ற தனிக் குறியே தமிழில் இருக்கின்றது. காகிதத்தில் இது சிக்கனம். தரவுத்தளத்தில் மேலும் கீழும் இல்லையாதலின் "மேற்படி" என்பதற்குப் பொருளும் இல்லை. அது "மேற்படி" என்ற பெயருடைய ஊராகவே பதிவாகிவிடும். அவ்வாறே தாளின் அடியிலுள்ள "மொத்தம்" என்ற வரிசையை நீக்காமல் ஏற்றினால், மொத்தம் என்பதும் ஓர் ஊராகி, மாவட்டக் கணக்கு இரு மடங்காகும். பல கட்டங்களை இணைத்து ஒன்றாக்கி எழுதிய ஒன்றியத்தின் பெயரும் முதல் வரிசையில் மட்டுமே நின்று, ஏனைய வரிசைகளில் வெறுமையாகிவிடும்.

பெயரால் இணைத்தால் நேர்வது

இரு பிரம்மதேசங்களின் கைப்பம்புக் கணக்கை வைத்து இதனை விளக்குவோம். கீழ்வரும் எண்கள் விளக்கத்திற்காக நாமே எழுதிக்கொண்டவை. முதல் ஊரில் கைப்பம்புகள் 20, பழுதானவை 2. இரண்டாம் ஊரில் கைப்பம்புகள் 16, பழுதானவை 5. ஆக மொத்தம் 36, பழுது 7.

தரவுத்தளத்தில் ஊர்ப் பட்டியல் ஒன்றும் மாதக் கணக்குப் பட்டியல் ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் ஊர்ப்பெயரால் இணைத்தால், மாதக் கணக்கின் ஒவ்வொரு பிரம்மதேசமும் ஊர்ப் பட்டியலின் இரு பிரம்மதேசங்களோடும் பொருந்தும். இரண்டு வரிசைகள் நான்காகும். கைப்பம்புகள் 72 என்றும், பழுது 14 என்றும் அறிக்கை வரும்.

இதைத் தவிர்க்க எண்ணி, "ஒரு பெயர் ஒரு முறைதான் வரலாம்" என்று தரவுத்தளத்தில் விதி செய்தால் நேர்வது இன்னும் கொடியது. முதலில் வந்த ஊர் ஏற்கப்படும். பின்னர் வந்த ஊர் தள்ளப்படும். கைப்பம்புகள் 20, பழுது 2 என்று அறிக்கை கூறும். பார்ப்பதற்கு அது முற்றிலும் ஒழுங்கான கணக்கே. ஆனால் இரண்டாம் ஊரில் பழுதான ஐந்து பம்புகள் எந்த அதிகாரியின் பார்வைக்கும் வாரா. அவ்வூர்ப் பெண்கள் குடத்துடன் நெடுந்தொலைவு நடப்பது தொடரும்; மாவட்டக் கணக்கோ குறை ஏதுமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும். மிகையான கணக்கை யாரேனும் ஐயுறுவர். விடுபட்ட கணக்கை ஐயுறுவார் இலர். ஆதலால் விடுபடுதலே பெரும்பிழை என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

அடையாள எண்ணின் அவசியம்

இதற்குப் பரிகாரம் ஒவ்வோர் ஊருக்கும் மாறாத அடையாள எண் ஒன்றைக் கொள்வதேயாகும். அவ்வெண்ணை நாம் புதிதாக உண்டாக்க வேண்டுவதில்லை. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் எல்.ஜி.டி. என வழங்கும் உள்ளாட்சிக் கோவையில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒவ்வொரு கிராமத்திற்கும் தனி எண் தரப்பட்டுள்ளது. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பிலும் கிராமங்களுக்கு ஆறு இலக்க எண்கள் வழங்கப்பட்டன. ஒரு கணக்கு ஊராட்சியைப் பற்றியதா, வருவாய்க் கிராமத்தைப் பற்றியதா என்பதை முதலில் தீர்மானித்து, அதற்குரிய ஒரே வகை எண்ணை எல்லாத் தாள்களிலும் கையாள வேண்டும். ஒரு தாளில் ஊராட்சி எண்ணும் மறு தாளில் கிராம எண்ணும் வருமாயின் இரண்டும் பொருந்தா.

எண்ணோடு மாவட்டத்தின் பெயரையும் ஒன்றாகப் பிணைத்து அடையாளம் செய்துகொள்ளலாமே என்று சிலர் கருதக்கூடும். அது நிலையானதன்று. தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து விழுப்புரம் மாவட்டம் 1993-ஆம் ஆண்டில் பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டில் பிரிந்தது. மாவட்டங்களும் வட்டங்களும் மாறலாம். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே ஊரின் எண் தனியாகவும், அது எந்த ஒன்றியத்தையும் மாவட்டத்தையும் சேர்ந்தது என்பது ஊர்ப் பட்டியலில் ஒரு விவரமாகவும் இருத்தலே முறை.

மாதக் கணக்கிற்கு ஊரின் எண் மட்டும் போதாது. எந்த மாதம், எந்த ஆண்டு என்பதும் ஒவ்வொரு வரிசையிலும் இருக்க வேண்டும். ஊர் எண், ஆண்டு, மாதம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு முறைக்கு மேல் வரலாகாது என்று தரவுத்தளத்தில் விதி செய்துவிட்டால், அதே தாளைத் தவறுதலாக இரண்டாம் முறை ஏற்றினாலும் கணக்கு இரட்டிக்காது.

மாதந்தோறும் செய்ய வேண்டியவை

இனி ஏற்றும் முறையை வரிசையாகக் காண்போம்.

1. எல்லா ஊராட்சிகளுக்கும் ஒரே வடிவமுள்ள தாளை வழங்குக. முதல் வரிசையில் பத்திகளின் தலைப்புகள் மட்டும் இருக்கட்டும். தலைப்புகள் தரவுத்தளத்தில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருத்தல் வேண்டும். ஆக்சஸில் முன்பே உள்ள பட்டியலில் தாளைச் சேர்க்கும்போது, அப்பட்டியலில் இல்லாத ஒரு தலைப்பு தாளில் இருந்தால் ஏற்றும் வேலை தடைப்படும்.

2. வந்த தாளை வந்தபடியே தனி உறையில் பாதுகாத்து வைத்து, அதன் பிரதியின்மீதே வேலை செய்க. பின்னர் ஐயம் எழுந்தால் மூலத்தைப் பார்க்க இயலும்.

3. தாளை நேரே நிலையான பட்டியலில் ஏற்றலாகாது. முதலில் "வரவுப் பட்டியல்" ஒன்றில் இறக்குக. களத்திலிருந்து வரும் நெல்லைத் தூற்றாமல் குதிரில் கொட்டுவார் இல்லை. அதுபோன்று வரவுப் பட்டியலே நாம் தூற்றும் இடம். ஒவ்வொரு மாதமும் ஏற்றுவதற்கு முன் இதனை வெறுமையாக்கிவிட வேண்டும்.

4. வரவுப் பட்டியலில் நான்கு கேள்விகளைக் கேட்குக. ஊர்ப் பட்டியலில் இல்லாத எண் ஏதேனும் வந்துள்ளதா? வர வேண்டிய ஊர் எதுவும் வராமலிருக்கிறதா? ஒரே ஊர் இருமுறை வந்துள்ளதா? பழுதான பம்புகளின் எண்ணிக்கை மொத்தப் பம்புகளைவிட மிகுந்துள்ளதா? இக்கேள்விகளைத் தரவுத்தளத்தில் ஒருமுறை எழுதிச் சேமித்து வைத்தால் மாதந்தோறும் அவையே பயன்படும்.

5. தேர்ந்த வரிசைகளை நிலைப் பட்டியலில் சேர்க்குக. தேறாத வரிசைகளை அழித்துவிடாமல், காரணத்துடன் தனிப் பட்டியலில் வைத்து, அனுப்பிய ஊராட்சிச் செயலருக்குத் தெரிவித்துத் திருத்தம் பெறுக.

6. திருத்திய தாள் வந்தால் அதைப் புது வரிசையாகச் சேர்க்காமல், அதே ஊரின் அதே மாத வரிசையை மாற்றுக. எந்த நாளில், எந்தக் கோப்பிலிருந்து மாற்றப்பட்டது என்பதையும் குறித்து வைக்குக.

ஆக்சஸில் இறக்கும் வழிமுறையைச் சேமித்து வைக்கும் வசதி உண்டு. அவ்வாறு சேமித்தால் அடுத்த மாதம் ஒரே கட்டளையில் வேலை முடியும். ஆனால் அது கோப்பின் இடத்தையும் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்வதால், ஒவ்வொரு மாதத் தாளும் அதே உறையில் அதே பெயருடன் வைக்கப்படல் வேண்டும். பேஸில் விரிதாளின் பகுதியைப் பிரதி எடுத்துப் பட்டியல்கள் உள்ள இடத்தில் ஒட்டினால், தரவை மட்டும் சேர்ப்பதற்கான வழி தோன்றும்.

கண்ணுக்குப் புலப்படாத பிழைகள்

சில பிழைகள் தாளைப் பார்த்தால் தெரியா. அவற்றுள் முக்கியமானவற்றைக் கூறுவோம்.

எண்கள்: எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். அதனினும் நீண்ட வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகவே பதித்தால் கடைசி இலக்கங்கள் பூச்சியமாகிவிடும். முன்னால் உள்ள பூச்சியங்களும் மறைந்துவிடும். கூலியோ உதவித்தொகையோ பெறுவோரின் கணக்கு எண் இவ்வாறு சிதைந்தால் பணம் உரியவருக்குச் சேராது. கூட்டவோ கழிக்கவோ பயன்படாத எண்களையெல்லாம் எழுத்து வகையாகவே பதிய வேண்டும்.

தேதிகள்: 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க முறையில் அமைந்த கணிப்பொறிக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளில் எழுதுவதால் இத்தொல்லை நீங்கும். விரிதாள்கள் தேதியல்லாதவற்றையும் தேதியாக மாற்றிவிடுவது உலகறிந்த செய்தி. மரபணுக்கள் சிலவற்றின் குறியீடுகள் மார்ச், செப்டம்பர் மாதங்களைப் போல் தோன்றியதால் எக்செல் அவற்றைத் தேதிகளாக்கிவிட்டது. அதன் பொருட்டு அக்குறியீடுகளையே விஞ்ஞானிகள் மாற்ற நேர்ந்ததை 2020-இல் கண்டோம்.

வெறுமையும் பூச்சியமும்: "பழுது 0" என்றால் பழுது இல்லை என்பது பொருள். வெறுங்கட்டம் என்றால் விவரம் வரவில்லை என்பது பொருள். இரண்டையும் ஒன்றாகக் கொண்டால், தாள் அனுப்பாத ஊரெல்லாம் குறையில்லாத ஊராகிவிடும்.

எழுத்துரு: வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தாளை ஒருங்குறித் தரவுத்தளத்தில் இறக்கினால் தமிழ்ப் பெயர்கள் பொருளற்ற எழுத்துக்களாகத் தோன்றும். தமிழக அரசு 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. எனினும் பழைய கோப்புகள் இன்னும் கைக்கு வரக்கூடும். அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும். ஒருங்குறியிலும் ஒரு நுட்பம் உண்டு. கோலியனூர் என்பதன் முதலெழுத்தில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதிக்கலாம். இரட்டைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் பதிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் கணிப்பொறிக்கோ இரண்டும் வேறு ஆகலாம். பெயரைவிட எண்ணே நம்பத்தக்கது என்பதற்கு இது மற்றுமொரு காரணம்.

இங்கிலாந்து கற்ற பாடம்

விடுபட்ட வரிசைகளால் விளையும் கேடு சிற்றூர்களுக்கு மட்டும் உரியதன்று. 2020-ஆம் ஆண்டில் கொரோனா தொற்று பரவிய காலத்தில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆய்வுக்கூடங்களின் முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்புகளின் வழியாகத் தன் கணக்கில் ஏற்றி வந்தது. அவ்வகைக் கோப்பில் 65,536 வரிசைகளுக்குமேல் கொள்ளா. 2007-க்குப் பிந்திய வகையில் 10,48,576 வரிசைகள் கொள்ளும். பழைய கோப்பு நிறைந்தபின் வந்தவை சத்தமின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாட்களில் 15,841 பேரின் தொற்று விவரம் அன்றாடக் கணக்கில் சேராமற் போயிற்று. அவர்களுடன் பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் அதனால் தாமதமாயிற்று.

அனுப்பிய வரிசைகள் எத்தனை, ஏறிய வரிசைகள் எத்தனை என்ற இரண்டு எண்களை நாள்தோறும் ஒப்பிட்டிருந்தால் அப்பிழை முதல் நாளிலேயே வெளிப்பட்டிருக்கும். இதற்கு உயர்ந்த இயந்திரம் தேவையில்லை. கணக்கை ஒத்துப்பார்க்கும் பழக்கமே தேவை.

ஒத்துப்பார்க்கும் மரபு

அப்பழக்கம் நமக்குப் புதிதன்று. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்திற்குத் தகுதியற்றவர் என்று விதிக்கின்றது. வருவாய்த்துறையில் ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் தணிக்கை செய்யப்படுகின்றன. கர்ணம் பதவி 1980-இல் நீக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் முறை வந்த பின்னும் இத்தணிக்கை நின்றுவிடவில்லை. ஜமாபந்தி ஆண்டுக்கு ஒருமுறை செய்வதை, நாம் தரவுத்தளத்தில் மாதத்திற்கு ஒருமுறை செய்கிறோம், வேறுபாடு அவ்வளவே.

ஒவ்வொரு மாதமும் ஏற்றி முடிந்தவுடன் ஒரு பக்கத்தில் ஐந்து எண்களை எழுதி, பொறுப்பாளர் கையொப்பமிட வேண்டும். வர வேண்டிய ஊர்கள் எத்தனை, வந்தவை எத்தனை, ஏற்கப்பட்டவை எத்தனை, திருப்பி அனுப்பப்பட்டவை எத்தனை, தாள்களின் கூட்டுத்தொகையும் தரவுத்தளத்தின் கூட்டுத்தொகையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன. ஏற்கப்பட்டவையும் திருப்பி அனுப்பப்பட்டவையும் சேர்ந்து வந்தவற்றுக்குச் சமமாகாவிடில் வேலை முடிந்ததாகக் கருதலாகாது.

ஏற்றிய விவரத்தை அந்தந்த ஊருக்கே திருப்பிக் காட்டுவதும் நல்ல வழக்கமாகும். மாவட்டக் கணக்கில் தம் ஊருக்கு எத்தனை பம்புகள் பழுதெனப் பதிவாகியுள்ளது என்பதை ஊராட்சித் தலைவரும் கிராம சபையாரும் பார்த்தால், பிழை இருப்பின் அவர்களே முதலில் கண்டுபிடிப்பர். தெருவில் நிற்கும் பம்பை அறிந்தவர்கள் அவர்கள்தாம். அந்தத் தாளின் தலைப்பில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் ஊரின் எண்ணும் அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும். அப்போது ஒரு பிரம்மதேசத்தின் பழுது மற்றொரு பிரம்மதேசத்தின் கணக்கில் சேராது.

பயிற்சி வகுப்பில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. உமது ஒன்றியத்தில் ஒரே பெயருடைய ஊர்களோ குக்கிராமங்களோ எத்தனை உள்ளன? அவற்றின் அடையாள எண்களை எழுதுக.

2. சென்ற மாதத் தாள் ஒன்றை எடுத்து, "மேற்படி", "மொத்தம்", இணைத்த கட்டங்கள், வெறுங்கட்டங்கள் ஆகியவை எங்கெங்கு உள்ளன என்று குறிக்குக.

3. அதே தாளை வரவுப் பட்டியலில் இருமுறை ஏற்றிப் பார்க்குக. நிலைப் பட்டியலில் கணக்கு இரட்டிக்கின்றதா?

4. ஓர் ஊரின் தாள் இம்மாதம் வரவில்லையெனில், உமது அறிக்கை அதனைக் காட்டுகின்றதா, மறைக்கின்றதா?